மனநோயும் மானக்கேடும்

காலில் முள் தைத்தால் பிடுங்கி எறிகின்றோம். கை ஒடிந்தால் கட்டுக் கட்ட ஓடுகின்றோம். காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் இரத்தத்தைப் பரீட்சை செய்து பார்க்கச் சொல்லுகின்றோம். இவற்றில் எதற்கும் நாம் வெட்கப்படுவதில்லை. பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்துவிடுமே என்று மறைப்பதுமில்லை. ஆனால் அதே மனிதனுக்கு மனதில் நோவு வந்து, தூக்கம் கெட்டு, சோறு பிடிக்காமல், தனக்குத்தானே பேசிக்கொண்டோ அல்லது யாரோடும் பேசாமல் மூலையில் முடங்கிக்கொண்டோ இருப்பானானால், அப்போது மாத்திரம் நமது புத்தி எங்கே போய்விடுகின்றது என்று கேட்கின்றோம்.

நமது போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் அப்போது நடக்கும் காரியங்களை வெளியூரார் வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிலமலையிலானாலும், ராசிங்காபுரத்திலானாலும், தேவாரத்திலானாலும் முதலில் ஆள் போவது கோடாங்கி வீட்டுக்குத்தான். அவன் உடுக்கையை எடுத்து அடித்துக் குறி சொல்லுகின்றான். "காத்துக் கருப்பு அண்டியிருக்கிறது" என்பான்; அல்லது "பங்காளி வைத்த செய்வினை" என்பான். அதற்கு ஒரு சேவல், ஒரு தாயத்து, ஒரு ராத்திரிப் பூசை, அத்தனைக்கும் பணம். பணம் தீர்ந்தும் நோய் தீரவில்லை என்றால் வேப்பங்குழையால் அடி, சாட்டையால் அடி, மிளகாய்ப் புகை. கோடாங்கிக்கு அடுத்தபடி ஜோசியன். அவன் ஏழரைச் சனி என்று சொல்லி ஒரு பரிகாரப் பட்டியலை நீட்டுகின்றான். இவ்வளவும் ஆகி, மாதங்கள் கழிந்து, சில வீடுகளில் வருஷங்களே கழிந்து, நகையும் நிலமும் அடகுக்குப் போனபிறகுதான் க.விலக்கு ஆஸ்பத்திரியின் ஞாபகம் வருகின்றது. தேனிக்கும் போடிக்கும் நடுவே ஓர் ஊரின் பெயரிலேயே கோடாங்கி நிலைத்திருக்கின்றான். ஆனால் மனநோய் வைத்தியர் எங்கே இருக்கின்றார் என்று கேட்டால், நூறு வீட்டில் பத்து வீட்டாருக்காவது தெரியுமா என்பது நமக்குச் சந்தேகமே.

பேய் பிடிக்கும் விதத்தைப் பற்றியாவது நம் மக்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டாமா? பேய் என்பது வயதுவந்த பெண்ணையும், புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த மருமகளையும், பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியையுமே தேடித் தேடிப் பிடிக்கின்றதே ஒழிய, தோட்ட முதலாளியையோ, வட்டிக் கடைக்காரரையோ, கோவில் தர்மகர்த்தாவையோ பிடித்து ஆட்டியதாக ஏன் கேள்விப்படுவதில்லை? பிடித்த பேய் இன்னாருடையது என்று கோடாங்கி கண்டுபிடிக்கும்போது, அது அநேகமாகக் "கீழ்ஜாதி" என்று சொல்லப்படுகிறவனின் ஆவியாகவே இருந்துவிடுவதன் மர்மமென்ன? உயிரோடு இருக்கும்போது தெருவுக்குள் வரவிடாத ஜாதியை, செத்தபிறகும் அவன் தலையில் கட்டி அனுப்புகின்றார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு அர்த்தமுண்டா? ஒரு பெண் தன் இஷ்டப்படி வேறு ஜாதியில் ஒருவனை விரும்பிவிட்டால், அவளுக்கும் பேய் பிடித்துவிட்டது என்று கோடாங்கியிடம் இழுத்துக்கொண்டு போவதை நாம் பார்க்கவில்லையா? ஆகவே பேய் என்பது இல்லாத வஸ்து என்பது மாத்திரமல்ல. அந்த இல்லாத வஸ்து பெண்ணடிமைக்கும் ஜாதிக்கும் காவல்காரனாகவும் உத்தியோகம் பார்த்துவருகின்றது என்பதே உண்மையாகும்.

பிள்ளை பெற்ற சில நாட்களுக்குள் ஒரு பெண்ணுக்குத் தூக்கம் அறவே போய், சம்பந்தமில்லாமல் பேசி, பெற்ற பிள்ளையையே பயத்தோடு பார்ப்பாளானால், அது வைத்திய சாஸ்திரத்தில் பெயரும் சிகிச்சையும் உள்ள ஒரு வியாதி. அவசரமாகக் கவனிக்க வேண்டிய வியாதியுங்கூட. காலத்தில் கவனித்தால் பெரும்பாலோர் குணமடைந்து பிள்ளையும் தாமுமாக வாழ்கின்றார்கள். அப்படிப்பட்டவளைச் சாட்டையால் அடித்தால் கோடாங்கியின் கூலி ஏறுமேயொழிய அவள் நோய் இறங்குமா?

இன்னொரு மூடத்தனமும் இருக்கின்றது. "ஒரு கல்யாணத்தைச் செய்து வைத்தால் எல்லாம் தெளிந்துவிடும்" என்பதாம். நோயைப் பெண் வீட்டாரிடமோ மாப்பிள்ளை வீட்டாரிடமோ மறைத்து, சாப்பிட்டுவந்த மாத்திரையையும் நிறுத்தி, தாலியைக் கட்டவைத்துவிடுகின்றார்கள். தாலி என்ன மாத்திரையா? ஒருவருக்கு இருந்த கஷ்டம் இருவருக்கு ஆவதுதான் மிச்சம். நோயுள்ளவர்கள் கல்யாணமே செய்துகொள்ளக் கூடாது என்பதல்ல நமது வாதம். இரு பக்கத்தாரும் உண்மை தெரிந்து, வைத்தியரின் யோசனையையும் கேட்டு, சம்மதித்துச் செய்துகொள்ளட்டும். மறைத்துச் செய்வதுதான் மோசடி.

இந்த அறியாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாட்டில் ஏர்வாடியைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் உள்ள தர்காவில் போய்த் தங்கினால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கையால் முஸ்லிம்கள் மாத்திரமல்லாமல் ஹிந்துக்களும் கிறிஸ்தவர்களும் தங்கள் வீட்டு நோயாளிகளைக் கொண்டுபோய் விட்டுவந்தார்கள். அப்படி விடப்பட்டவர்களை வைத்துக்கொள்ளத் தனியார் கீற்றுக் கொட்டகைகளைப் போட்டுக் காப்பகம் என்று பெயர் வைத்துக் காசு வாங்கினார்கள். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் அவர்கள் காலில் சங்கிலி கிடந்தது. 28 பேர் மாண்டார்கள். அந்த 28 பேரைக் கொன்றது தீ மாத்திரமா? சங்கிலி பூட்டினவர்கள் மாத்திரமா? "ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்று விட்டுவிட்டு வந்த மனப்பான்மையும் அந்தக் கொலையில் பங்காளியல்லவா? எந்த மதத்து ஆண்டவனும் அன்றைக்கு ஒரு பூட்டைத் திறக்கவில்லையே!

இத்தனைக்கும், பிரான்சு தேசத்தில் பாரிஸ் நகர ஆஸ்பத்திரிகளில் புஸ்ஸேன், பினேல் என்ற இருவருடைய முயற்சியால் பைத்தியம் என்று ஒதுக்கப்பட்டவர்களின் சங்கிலிகள் கழற்றப்படத் தொடங்கியது 1790-களிலாகும். புஸ்ஸேன் பெரிய படிப்புப் படித்த டாக்டரல்ல. நோயாளிகளைக் கூட இருந்து கவனித்துவந்த ஒரு மேற்பார்வையாளர். நோயாளியை மனிதனாக நடத்தினால் அவன் அடங்குகின்றான் என்பதைத் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர். அங்கே சங்கிலி அறுந்து 200 வருஷம் கழிந்த பிறகும் நாம் ஏர்வாடியில் சங்கிலி பூட்டிக்கொண்டிருந்தோம் என்றால், இதை எந்தப் பழம்பெருமையைக் கொண்டு மூடுவது?

ஏர்வாடித் தீக்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அப்படிப்பட்ட கொட்டகைகள் மூடப்பட்டன. பிற்பாடு ஏர்வாடியிலேயே சர்க்கார் மனநல வைத்தியர்கள் உட்கார்ந்து மருந்து கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. தொழுகைக்கு வருகிறவன் மாத்திரையையும் வாங்கிக்கொண்டு போகட்டும் என்பது அதன் கருத்து. தொழுகையைப் பற்றி நமது அபிப்பிராயம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் நோயாளிக்கு மருந்து கிடைக்கின்ற இடத்தில் நின்றுகொண்டு நாம் தர்க்கம் செய்யப் போவதில்லை. முதலில் அவன் தூங்கட்டும், சாப்பிடட்டும், தெளியட்டும். தெளிந்தபிறகு அவனே நம்முடைய தர்க்கத்தைக் கேட்பான். 2017-ல் செய்யப்பட்டு 2018 மே 29 முதல் அமுலில் இருந்துவரும் மனநலப் பராமரிப்புச் சட்டமானது, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 95-வது பிரிவில் தடுத்திருக்கின்றது. சர்க்கார் செலவில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்று 18-வது பிரிவு சொல்லுகின்றது. பிச்சையல்ல, தர்மமல்ல, உரிமை என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் வைதீக நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "கோவிலில் போய்த் தங்கிக் குணமானவர்களை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கின்றோமே, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். இதை ஆராய்ந்தே பார்த்திருக்கின்றார்கள். தமிழ்நாட்டில் முத்துசாமி என்னும் தெய்வத்தின் கோவிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளைப் பரீட்சித்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்ற வைத்தியப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. சராசரி ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோயின் குறிகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. ஆனால் அங்கே பேயோட்டவில்லை, அடிக்கவில்லை, கட்டிப்போடவில்லை. வீட்டு மனிதர் ஒருவர் கூடவே இருந்தார், வேளைக்குச் சோறு இருந்தது, சிறு சிறு வேலை இருந்தது, யாரும் ஏசவில்லை. இப்படிப்பட்ட ஆதரவான சூழ்நிலைதான் பலன் கொடுத்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சி செய்தவர்களே சொன்னார்கள். அப்படியானால் குணப்படுத்தியது சாமியா, சோறும் ஓய்வும் அன்புமா? அந்த அன்பை வீட்டிலேயே கொடுத்து, அதோடு மருந்தும் கொடுத்தால் இன்னும் எவ்வளவு குணமாகும் என்று யோசித்துப் பாருங்கள். அன்பு காட்டுவதற்குக் கோபுரம் வேண்டியதில்லை.

இனி, மனநோய் என்பதுதான் என்ன? மூளையும் உடம்பின் ஓர் உறுப்பே. இருதயத்துக்கும் ஈரலுக்கும் நோய் வருவதுபோல மூளையின் வேலையிலும் கோளாறு வரும். பரம்பரை ஒரு காரணம். பட்ட அடி, பட்ட அவமானம், கடன், குடி, சாவு, தனிமை ஆகியவையும் காரணம். பெரும்பாலும் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்துதான் நோயாகின்றன. முன்ஜன்ம பாவம் என்பது அந்தக் காரணங்களில் ஒன்றுமல்ல. துக்கமும் சலிப்பும் எல்லோருக்கும் வரும், போகும். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் மனம் இருண்டு, பிடித்த காரியத்திலும் பிடிப்பின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, வேலைக்குப் போக முடியாமல், "நான் இருந்து என்ன பிரயோஜனம்" என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். இல்லாத குரல் காதில் கேட்பதும், எல்லோரும் தன்னைக் கொல்லச் சதி செய்கின்றார்கள் என்று உறுதியாக நம்புவதும் வேறொரு வகை. இவற்றுக்கு மருந்து உண்டு. 1952-ல் பாரிஸ் நகரில் குளோர்ப்ரோமசைன் என்னும் மருந்து மனநோய்க்குக் கொடுக்கப்பட்டதிலிருந்து இந்த வைத்தியம் எவ்வளவோ முன்னேறியிருக்கின்றது. இம்மருந்துகள் தலைவலி மாத்திரைபோல ஒரு மணியில் கேட்பவையல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நன்றாயிருக்கிறதென்று நாமாக நிறுத்திவிடவும் கூடாது. மருந்தோடு, பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து பேசித் தெளிவிக்கும் ஆலோசனையும் ஒரு சிகிச்சையே. சிலருக்கு அது மாத்திரமே போதுமானது.

இது யாரோ சிலருக்கு வரும் நோய் என்று எண்ணிவிட வேண்டாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாகாணங்களில் 2015-16-ல் எடுத்த கணக்குப்படி, வயதுவந்தவர்களில் 100-க்கு 10 பேருக்குச் சற்று மேல் ஏதோ ஒரு மனநோய் உள்ளவர்கள். போடியிலிருந்து சிலமலைக்கு வரும் பஸ்ஸில் 60 பேர் இருந்தால் அவர்களில் 6 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோயாளிகளில், நோய்க்குத் தக்கபடி 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை இல்லாமலே இருந்தார்கள். சர்க்காரின் குற்றப்பதிவுக் கணக்குப்படி 2022-ல் தமிழ்நாட்டில் தற்கொலையால் மாண்டவர்கள் 19,834 பேர். இந்தியாவில் நமக்கு இரண்டாவது இடம். நாடு முழுவதும் அவ்வாறு மாண்டவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நாட்கூலிக்காரர்கள். எனவே இது வேலையற்ற பணக்காரர்களின் வியாதி என்று யாராவது சொன்னால், ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் கூலிப் பெண்களைக் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இப்படியிருக்க, அறிவு மக்களிடம் போய்ச் சேருவதற்கு இன்றைக்கு ஒரு நல்ல கருவி கிடைத்திருக்கின்றது. முன்காலத்தில் மனநோய்க்கு யோசனை கேட்க வேண்டுமானால் மதுரைக்கோ சென்னைக் கீழ்ப்பாக்கத்துக்கோ போக வேண்டும். "கீழ்ப்பாக்கம்" என்ற ஊர்ப் பெயரையே நாம் ஒரு வசைச்சொல்லாக்கி வைத்திருந்தபடியால், அங்கே போவதைவிடச் சாவது மேல் என்று எண்ணினவர்களும் உண்டு. இன்றைக்குக் கையில் உள்ள செல்போனில் 14416 என்ற எண்ணை அழைத்தால் போதும். டெலி மானஸ் என்ற பெயரால் 2022 அக்டோபர் 10-ந் தேதி இந்திய சர்க்கார் ஆரம்பித்த ஏற்பாடு இது. தமிழ்நாட்டில் இதற்கு "நட்புடன் உங்களோடு" என்று பெயர். இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம். முதலில் பேசுகிறவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவையானால் அவர் மனநல வைத்தியரிடம் சேர்ப்பிப்பார். அருகில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்றும் சொல்லுவார். நாடு முழுவதும் ஒரே எண் ஆனபடியால் மலைக்கு அந்தப்புறம் கேரளத்துத் தோட்டத்தில் இருந்துகொண்டும் அழைக்கலாம். 2024 முடிவதற்குள் 10 லட்சத்துக்கு மேற்பட்ட அழைப்புகள் இதற்கு வந்திருக்கின்றன. இதற்கு முன்பே, 1986 முதல் சென்னையில் சிநேகா என்னும் ஸ்தாபனம் தற்கொலை எண்ணமுள்ளவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டு வருகின்றது. ஆனால் ஒன்று: உயிருக்கு இப்போதே ஆபத்து என்ற நிலையில் போனில் பேசிக்கொண்டிராமல் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்; ஆளைத் தனியே விடக்கூடாது.

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் போலீசு கேஸ் வருமே என்று பயந்து வீட்டிலேயே வைத்துக்கொண்டு உயிரைப் போக்கடித்தவர்கள் உண்டு. அந்தப் பயம் இனி வேண்டாம். அப்படி முயன்றவர் கடுமையான மனநெருக்கடியில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ம் வருஷத்துச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்லுகின்றது. வெள்ளைக்காரன் காலத்துப் பீனல் கோடில் இருந்த 309-வது பிரிவும் 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தோடு ஒழிந்தது.

ஆனால் கத்தி காய் நறுக்கவும் உதவும், கழுத்தை அறுக்கவும் உதவும். எந்தச் செல்போனில் 14416 இருக்கின்றதோ அதே செல்போனில் கோடாங்கியும் வந்து உட்கார்ந்துவிட்டான். உடுக்கையைப் போட்டுவிட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்திருக்கின்றான். "48 நாளில் மனக்கவலை தீர மந்திரத் தகடு" என்கின்றான் ஒருவன். "டாக்டர் மருந்தையெல்லாம் தூக்கி எறியுங்கள், என் மூச்சுப் பயிற்சி போதும்" என்கின்றான் இன்னொருவன். "இந்த ஐந்து குறி இருந்தால் உங்களுக்கு இன்ன மனநோய்" என்று ஒரு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றான் மற்றொருவன். பழைய கோடாங்கிக்கு ஒரு ஊர். இவனுக்கு உலகமே ஊர். தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றால் வியாதி தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-லேயே ஒரு சட்டம் தடுத்திருக்கின்றது. அதன் பட்டியலில் சித்தப்பிரமையும் காக்காய் வலிப்பும் இருக்கின்றன. சட்டம் இருந்தும் தகடு விற்பனை நடக்கின்றதென்றால், அது யாருடைய தூக்கம் என்று சர்க்காரைக் கேட்கின்றோம்.

எனவே செல்போனில் வரும் யோசனை எதுவானாலும் நம் மக்கள் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டுகின்றோம். முதலாவது, சொல்லுகிறவர் யார், என்ன படித்தவர், எங்கே வேலை பார்க்கின்றவர் என்பதை வெளிப்படையாகச் சொல்லுகின்றாரா? இரண்டாவது, இத்தனை நாளில் நிச்சயம் குணம் என்று ஜாமீன் கொடுக்கின்றாரா? கொடுத்தால் அவர் வியாபாரி. மூன்றாவது, நாம் சொன்னதை இரகசியமாக வைத்திருப்பாரா, அல்லது நம் கண்ணீரைப் படம் பிடித்துக் காட்சி நடத்துவாரா? நான்காவது, "இது என்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று சொல்லும் யோக்கியதை அவருக்கு உண்டா? தன் எல்லை தெரிந்தவனே நல்ல ஆலோசகன். ஐந்தாவது, வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்லுகின்றாரா? சொன்னால் அந்த நிமிஷமே அவர் பேச்சை நிறுத்திவிடுங்கள். இந்த ஐந்து கேள்விக்கும் நேரான பதில் சொல்லுகின்றவர் எந்த மதத்தவரானாலும் சரி, அவர் பேச்சைக் கேளுங்கள். பதில் சொல்லாதவர் நம்முடைய இயக்கத்துக்காரரேயானாலும் கேட்காதீர்கள்.

பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் தற்கொலை செய்துகொண்டால், எப்படிச் செய்துகொண்டார், எதைக்கொண்டு செய்துகொண்டார் என்று விவரித்துப் படத்தோடு போட்டு விற்பது வியாபாரமாகலாம். ஆனால் அதைப் படிக்கின்ற, அதே வேதனையிலுள்ள இன்னொருவனுக்கு அது வழிகாட்டியாகிவிடும். இப்படிச் செய்யக்கூடாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லியிருக்கின்றது. இந்தியப் பிரஸ் கவுன்சிலும் 2019-ல் அதை ஏற்று விதிகள் வகுத்திருக்கின்றது. இந்த விதி எங்கள் பத்திரிகைக்கும் சேர்த்துத்தான்.

நமது இயக்கத் தோழர்களுக்கும் சிலவற்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மேடையில் எதிரியைத் தாக்கும்போது "பைத்தியக்காரன்" என்பதை ஒரு வசையாக வீசுகின்றோம். கூட்டத்தில் பின்வரிசையில், வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு மருகும் ஒரு தாய் உட்கார்ந்திருந்தால் அவள் மனம் என்ன பாடுபடும்? எதிரியின் கொள்கையை மூடத்தனம் என்று சொல்லுங்கள், பித்தலாட்டம் என்று சொல்லுங்கள்; நோயை மாத்திரம் வசையாக்காதீர்கள். சிலர், "பகுத்தறிவு இருந்தால் மனநோய் வராது" என்றுகூடப் பேசுகின்றார்கள். பகுத்தறிவுவாதிக்கு மலேரியா வருவதில்லையா? கடவுள் இல்லை என்று தெரிந்தவனுக்கும் மனச்சோர்வு வரும். வித்தியாசம் என்னவென்றால், அவன் வெட்கப்படாமல் வைத்தியரிடம் போவான், போக வேண்டும்.

இந்த வேலை நம் கொள்கைக்குப் புறம்பானதுமல்ல. இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட எத்தனையோ பேரைக் கூப்பிட்டு வைத்துப் பேசி, அவர்கள் மனதில் இருந்த வேதனை இன்னது என்று கண்டுகாட்டினார். மராட்டிய நாட்டில் மூடநம்பிக்கை ஒழிப்புக்காகப் பாடுபட்டு 2013 ஆகஸ்டு 20-ந் தேதி சுட்டுக் கொல்லப்பட்ட டாக்டர் நரேந்திர தபோல்கர், சதாராவில் குடிநோயாளிகளை மீட்கும் நிலையத்தையும் ஏற்படுத்தியவர். பேயில்லை என்று சொல்வதோடு நிற்காமல், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவனைக் கைபிடித்துத் தூக்கினார்கள். அவர் மாண்ட பிறகாவது அங்கே, பேயோட்டுகின்றேன் என்று மனிதரை அடிப்பதையும் கட்டுவதையும் தண்டிக்கும் சட்டம் வந்தது. கர்நாடகமும் 2017-ல் ஒன்று செய்தது. பெரியாரின் நாட்டுக்கும் அப்படிப்பட்ட தனிச் சட்டம் வேண்டும் என்பது நமது கோரிக்கை.

நமது மலைச்சரிவில் விசேஷமாக ஒரு ஆபத்து இருக்கின்றது. ஏலத்தோட்டத்துக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து வீட்டுத் திண்ணையிலும் அடுப்படியிலும் கிடக்கின்றது. தற்கொலை எண்ணம் பெரும்பாலும் அலைபோல வரும். அந்த நேரம் கடந்துவிட்டால் தணியும். அந்த நேரத்தில் விஷம் கைக்கு எட்டாமல் இருந்தாலே உயிர் பிழைக்கின்றது. இது வெறும் யூகமல்ல. இலங்கையில் மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடுத்ததன் பலனாகத் தற்கொலை விகிதம் பத்து வருஷத்துக்குள் ஏறக்குறையப் பாதியாயிற்று, பிறகும் குறைந்தது. நம் தமிழ்நாட்டிலேயே காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் சிநேகா ஸ்தாபனத்தார், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப்பொதுவில் பூட்டுப்பெட்டிகளில் வைக்கும் ஏற்பாடு செய்து பார்த்து நல்ல பலன் கண்டார்கள். அதைச் சிலமலையிலும் ஏன் செய்யக்கூடாது? கோவிலுக்கு உண்டியல் வைக்க இடமுள்ள ஊரில் பூச்சிமருந்துக்கு ஒரு பூட்டுப்பெட்டி வைக்க இடமில்லையா?

ஆலோசனையும் மாத்திரையும் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது, டாஸ்மாக் கடை கூலியைப் பிடுங்கும்போது, ஜாதி இழிவு நெஞ்சைக் குத்தும்போது, புருஷன் அடியை "விதி" என்று பெண் பொறுத்துக்கொண்டிருக்கும்போது மனம் எப்படி ஆரோக்கியமாயிருக்கும்? அவற்றை ஒழிக்கத்தான் இந்த இயக்கமே இருக்கின்றது. ஆனால் ஆற்றுக்குப் பாலம் கட்டும் வரையில் முழுகுகிறவனைத் தூக்காமல் இருக்க முடியாது.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது: மாவட்ட மனநலத் திட்டத்து வைத்தியர் எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருவார் என்று ஊர்ச் சாவடியிலும் ரேஷன் கடையிலும் எழுதிப் போடுங்கள். மாத்திரை தீர்ந்துவிட்டது என்று ஏழையைத் திருப்பி அனுப்பாதீர்கள். மலைத்தோட்டங்களில் செல்போன் எட்டாத இடங்களுக்கு அதை எட்டச் செய்யுங்கள். அந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு, மனநோயைப் பற்றி மக்களுக்கு விளக்குவதைச் சர்க்காரின் கடமையாக்கியிருக்கின்றது. அந்தக் கடமையைப் பொங்கல் வாழ்த்துப் பலகைகளுக்குச் செலவிடும் உற்சாகத்தில் பாதியோடாவது செய்யுங்கள்.

தோழர்களை நாம் கேட்பது இவ்வளவே. டீக்கடைச் சுவரில், ஜீப் நிறுத்துமிடத்தில், பள்ளிக்கூட வாசலில் 14416 என்று பெரிதாக எழுதுங்கள். ஒரு வீட்டில் உடுக்கைச் சத்தம் கேட்டால் சண்டைக்குப் போகாதீர்கள்; மறுநாள் காலையில் போய், "நான் கூட வருகின்றேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று சொல்லுங்கள். கோடாங்கி ஜெயிப்பது அவனிடம் மந்திரம் இருப்பதாலல்ல. கூப்பிட்டால் ராத்திரியிலும் வீட்டுக்கு வருகின்றான், உட்கார்ந்து கேட்கின்றான் என்பதாலேயாகும். நாமும் வருவோம், நாமும் கேட்போம் என்றால் அவனுக்கு வேலை ஏது?

மனநோய் வந்தது மானக்கேடல்ல. நோயாளியைக் கட்டிவைப்பது மானக்கேடு; அடிப்பது மானக்கேடு; மறைத்து வைத்துச் சாகவிடுவது மானக்கேடு; அறிவு கையில் இருந்தும் அதை அடுத்த வீட்டுக்குச் சொல்லாமல் இருப்பது எல்லாவற்றிலும் பெரிய மானக்கேடு. அந்த மானக்கேடு நமது ஊரைவிட்டு ஒழியும் நாளே இங்கே சுயமரியாதை நிலைத்த நாளாகும்.